யானை தேடிய தலைவன்

2019ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ககுயா-சாமா’ என்னும் யப்பானியச் சித்திரத் தொடரின் தலைவன் சிரோகானே, கல்வியில் முதல்வன். காதலைச் சொல்லவோ நா எழாதவன். எம் மாணாக்கர் அவனைக் கண்டு நகைக்கின்றனர். எனக்கு அவன் பழையவன். மணிவாசகரின் திருக்கோவையாரில் மதியுடம்படுத்தலை நோக்குக. தலைவியும் தோழியும் நிற்கும் தினைப்புனத்திற் புகுந்த தலைவன், யானை வந்ததோ என்கிறான். கலைமான் வந்ததோ என்கிறான். பின்னர் வழி, ஊர், பெயர்! மான் தேடுவானுக்கு மங்கையர் பெயர் எற்றுக்கு? மறுமொழி பெறாது அவன் கூறுதற்கும் ஒரு துறை உண்டு.

இல்லறம் புகாத நாவலரவர்களே 1860இல் இந்நூலைப் பதிப்பித்தார்கள். இன்றோ, பரீட்சைக்குத் துறைப்பெயர்களை மாத்திரம் மனனஞ் செய்விப்பாரும், பேரின்பப் பொருளன்றிப் பிறிது பேசாதாரும் உளர். பேரின்பம் இருக்கட்டும், அவன் நாடியது யானையன்றெனத் தோழி உய்த்துணரும் இடத்தில் வகுப்புச் சிரிக்க வேண்டாவா?