பல்கலைக்கழக ஹாக்கியில் சீடிங்கும் பயணமும்

நாக் அவுட் அட்டவணை தயாரிக்கும்போது, வலுவான அணிகள் தொடக்கச் சுற்றிலேயே மோதிக்கொள்ளாதபடி அவற்றைத் தனித்தனிப் பகுதிகளில் நிறுத்துவது சீடிங் எனப்படும். இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நான்கு மண்டலங்களாகப் பிரித்து நடத்துகிறது. கேளம்பாக்கத்திலுள்ள செட்டிநாடு, அருகே படூரிலுள்ள இந்துஸ்தான் ஆகிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தென்மண்டலத்தில் அடங்கும். மண்டலத்தில் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குத் தகுதி பெறும்.

வழக்கமாக முந்தைய ஆண்டின் முதல் நான்கு அணிகளுக்கே சீடிங் கிடைக்கிறது. 50 அணிகள் வந்தால் அட்டவணை 64 இடங்களுக்குப் போடப்படும்; 14 அணிகளுக்கு முதல் சுற்றில் பை கிடைக்கும், மற்ற 36 அணிகள் 18 ஆட்டங்களில் மோதும். பை பெற்ற அணி மூன்று வெற்றிகளில் கடைசி நான்கிற்குள் வந்துவிடும். மற்ற அணிக்கு நான்கு வெற்றிகள் வேண்டும்; ஆட்டங்கள் அடுத்தடுத்த நாட்களில் நடக்கும்போது இந்த ஒன்று பெரிய வித்தியாசம். சென்ற ஆண்டு வென்றவர்களில் பலர் படிப்பு முடித்துப் போயிருந்தாலும் சீடிங் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே நிற்கிறது. இது இம்முறையின் முக்கியமான பலவீனம்.

பயணச் சிக்கலும் இதனோடு பிணைந்தது. வெளியூர் அணி இரவெல்லாம் ரயிலில் வந்து, 60 நிமிட ஆட்டம் ஒன்றில் தோற்று அன்றே வெளியேறலாம். திரும்பும் நாள் முன்கூட்டித் தெரியாததால் குழுவாகப் பயணச்சீட்டு எடுப்பது கடினம். கேளம்பாக்கத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. தாம்பரத்திலோ வண்டலூரிலோ இறங்கிச் சாலை வழியே வர வேண்டும். 2023 டிசம்பரில் வண்டலூர் அருகே திறக்கப்பட்ட பேருந்து முனையம் இருப்பது கிளாம்பாக்கத்தில். பெயர் ஒலிப்பை நம்பி அதுவே கேளம்பாக்கம் என நினைப்பவர் உண்டு. சென்னையின் முதன்மை ஹாக்கி மைதானமான மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் எழும்பூரில், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கி. தேசியப் போட்டியில் 16 அணிகள் நான்கு இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. போட்டியை நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அதைத் தன் இடத்திலேயே வைப்பதும், விமானப் பயணங்களைக் குறைப்பதும் கணக்கில் கொள்ளப்படுவதால் தரவரிசை அப்படியே அட்டவணை ஆவதில்லை. பயணச் சுமை ஒரு லீக்கையே கலைத்ததும் உண்டு: மேற்கத்தியக் கல்லூரி ஹாக்கி சங்கத்தின் ஆடவர் பிரிவிலிருந்து ஏழு கல்லூரிகள் விலகி, 2021-22 பருவத்தில் தனி லீக் தொடங்கின. தொலைவிலிருந்த அலாஸ்காவின் இரு அணிகளும் அலபாமா-ஹண்ட்ஸ்வில்லும் அதில் சேர்க்கப்படவில்லை. ஹண்ட்ஸ்வில் அணி 2021இல் நிறுத்தப்பட்டது. ஆங்கரேஜ் அணி 2022இல் எந்த லீக்கிலும் சேராமல் மீண்டும் ஆடத் தொடங்கியது.