வலி மாத்திரை போடுமுன் ஒரு நிமிடம்!

இரவு மணி 8. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஷிப்டு முடிகிறது. தெருவெல்லாம் கூட்டம். காலையில் இருந்து தையல் மெஷினில் குனிந்தவருக்கு முதுகு வலி. செக்கிங் மேஜை முன் நின்றவருக்குக் கால் வலி. அயர்ன் பெட்டி பிடித்தவருக்குத் தோள் வலி.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மருந்துக் கடை.

"அண்ணா, ஒடம்பு வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க!"

அவ்வளவுதான். சில்லறை கை மாறுகிறது. மாத்திரை வாய்க்குள் போகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் வேலை.

பலருக்கு ஒரு மாத்திரையால் பெரிய கெடுதல் வருவதில்லை. ஆனால் அதே கூட்டத்தில் நிற்கும் ஒருவருக்கு, அதே மாத்திரை உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

யார் அவர்? ரத்தம் உறையாமல் இருப்பதற்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்.

எதற்காக இந்த மாத்திரை?

குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண் வருகிறது. சிலருக்கு அதைத் தொடர்ந்து காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். காய்ச்சல் போய்விடும். ஆனால் இருதயத்தின் வால்வை அது கெடுத்துவிட்டுப் போகலாம். ஏழை வீடுகளில்தான் இந்த வியாதி அதிகம். கெட்ட வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே அப்படி ஒரு வால்வு தயாராகிறது. டாக்டர் வலியத்தான் தலைமையில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் அதை உருவாக்கியது. 1990-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. அதன் பெயர் டி.டி.கே. சித்ரா வால்வு.

உலோகச் சட்டம் உள்ள வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்விலேயே அடைத்தால் மரணம். அதைத் தடுக்கத்தான் வார்பரின், அசினோகுமரால் என்ற மாத்திரைகள். இருதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கும், கால் நரம்பில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் இவற்றைக் கொடுப்பது உண்டு.

எலி மருந்து!

இந்த வார்பரின் வந்த கதை விசித்திரமானது.

1920-ம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. கெட்டுப்போன ஒரு வகைத் தீவனப் புல்லைத் தின்றதுதான் காரணம். 1933-ல் எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்த பசுவோடும் ஒரு கேன் ரத்தத்தோடும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வெளியே கொட்டும் பனி. கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை!

கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய ஆட்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதில் இருந்து பிறந்ததுதான் வார்பரின். 1948-ல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவருக்கும் இதே மருந்தைக் கொடுத்தார்கள்!

அளவோடு கொடுத்தால் உயிர் காக்கும். அளவு மீறினால் எலிக்கு நேர்ந்த கதிதான்.

இழை போட்டால் அடையும்

இந்த அளவை எப்படிப் பார்ப்பது? அதற்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சாதாரண மனிதருக்கு அது 1 இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். சில வகை வால்வு வைத்தவர்களுக்கு 3.5 வரை இருக்கலாம். குறைந்தால் ரத்தம் உறையும். கூடினால் ரத்தம் கசியும்.

வலி மாத்திரை இதில் எப்படிக் குறுக்கே வருகிறது?

துணி கிழிந்தால் என்ன செய்கிறோம்? ஒருவர் கிழிசலைச் சேர்த்துப் பிடிக்கிறார். இன்னொருவர் நூல் போட்டுத் தைக்கிறார். உடம்பிலும் அப்படித்தான். ரத்தக் குழாய் கிழிந்தால், ரத்தத் தட்டுகள் ஓடி வந்து பிடித்துக்கொள்கின்றன. பிறகு ரத்தத்தில் உள்ள புரதம் நூல் நூலாகத் திரண்டு அடைக்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்பரின் அந்த வைட்டமினை வேலை செய்ய விடாது. ஆகவே நூல் குறைகிறது.

இந்த நிலையில் ஆஸ்பிரின் போட்டால், சேர்த்துப் பிடிக்கும் தட்டுகளும் செயல் இழக்கின்றன. ஒரு தட்டின் ஆயுள் சுமார் 10 நாள். ஆயுள் முடியும்வரை அது மீள்வதே இல்லை. டைக்ளோபினாக், இபுபுரோபன் மாத்திரைகளும் தற்காலிகமாக இதே வேலையைச் செய்கின்றன. அதோடு வயிற்றின் உள்தோலையும் அரித்துப் புண்ணாக்குகின்றன. அங்கேதான் ரத்தம் கசிகிறது!

இதில் ஒரு சூது உண்டு. ஐ.என்.ஆர். சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ரத்தம் கசியலாம். பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று நம்பி வலி மாத்திரை போடக் கூடாது.

பாரசிட்டமால் நல்லதா?

மற்றவற்றை விட நல்லது. வயிற்றைப் புண்ணாக்காது. ஆகவே டாக்டர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தினமும் 2 கிராம் அல்லது அதற்கு மேல், பல நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டால் ஐ.என்.ஆர். ஏறலாம். 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று போட்டாலே ஏறக்குறைய 2 கிராம் ஆகிவிடும்! தொடர்ந்து சாப்பிட வேண்டி வந்தால், டாக்டரைக் கேட்டு மறுபடியும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

"மாத்திரை வேண்டாம், தைலம் போதும்" என்பார்கள் சிலர். மீதைல் சாலிசிலேட் சேர்ந்த தைலத்தை உடம்பெல்லாம் அடிக்கடி தேய்த்தாலும் ஐ.என்.ஆர். ஏறியது உண்டு. சதையில் போடும் வலி ஊசியும் ஆகாது. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

பெயர் இல்லாத மாத்திரை

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் ஒரு செய்தி வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களை அதன் நிருபர்கள் பேட்டி கண்டார்கள். மாதாந்திர வலிக்கு வேலை இடத்திலேயே பெயர் இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். அது இபுபுரோபன் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை என்று தெரியவந்தது.

வலியோடு வேலையை நிறுத்தினால் கூலி போகும். ஆகவே கொடுத்ததை வாங்கி விழுங்குகிறார்கள். வாங்குகிறவள் வால்வு மாற்றியவளாக இருந்தால்? மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது அவள் என்ன சொல்வாள்?

வேலைக்குச் சேரும்போதே "எனக்கு ரத்தம் உறையாத மாத்திரை நடக்கிறது" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. பெயர் தெரியாத மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பது கம்பெனியின் கடமை.

நினைவில் வையுங்கள்

மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கும் முன், தினமும் சாப்பிடும் மாத்திரையின் சீட்டைக் காட்டுங்கள்.

ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளை மறந்தால் மறுவேளை இரண்டாகப் போடாதீர்கள். சிலருக்கு டாக்டரே ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்திருப்பார். அதையும் நீங்களாக விடக் கூடாது.

முருங்கைக் கீரையில் வைட்டமின் கே அதிகம். கீரையை அடியோடு விட வேண்டாம். ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

தார் போல் கறுப்பாக மலம் போவது, சிறுநீர் சிவப்பது, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம் நிற்காமல் வருவது, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்வது, மாதவிடாய் மிக அதிகமாவது, திடீரென்று கடும் தலைவலி வருவது - இவை அபாய அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா? அவர்களால் இதைப் படிக்க முடியாவிட்டால், நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

முதுகு வலி நாளை போகும். போன உயிர் வராது!