மீதி 149

ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்று ஆரியபட்டர் நேரடியாகச் சொல்லவில்லை. கி.பி. 499-ஐ ஒட்டி இயற்றிய ஆரியபட்டீயத்தில் அவர் தருபவை இரண்டு பெரிய எண்கள். ஒரு சதுர்யுகத்தில் சூரியன் வானத்தை 43,20,000 முறை வலம்வருகிறது; அதே காலத்தில் பூமி தன் அச்சில் 158,22,37,500 முறை சுழல்கிறது. சுழற்சி எல்லாமே நாளாகிவிடாது. ஆண்டுக்கு ஒரு சுழற்சி சூரிய வலத்திலேயே கரைந்துபோகும் என்பதால் முதல் எண்ணை இரண்டாவதிலிருந்து கழிக்க வேண்டும். கழித்தால் 157,79,17,500 நாட்கள். இதை 43,20,000-ஆல் வகுத்தால் ஆண்டின் நீளம் கிடைத்துவிடும்.

மேலே பெரிய எண், கீழே சிறிய எண். பள்ளிக்கூடத்தில் இதற்குத் தகா பின்னம் என்று பெயர். 17/5 என்று கொடுத்தால், 17-க்குள் 5 மூன்று முறை போகும், மீதி 2, ஆகவே 3 2/5 என்று மாற்றி எழுதச் சொல்வார்கள். ஈவு முழு எண்ணாகும், மீதி தொகுதியாகும், பகுதி அப்படியே நிற்கும். அவ்வளவுதான் கலப்பு பின்னம். பிள்ளைகள் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு மறந்துவிடும் இந்தக் கணக்கை ஆரியபட்டரின் எண்களில் போட்டுப் பார்த்தால் ஒரு பஞ்சாங்கமே வெளியே வருகிறது.

முதலில் சுருக்கம். மேலும் கீழும் 7,500-ஆல் வகுபடும், 2,10,389/576 ஆகிவிடும். 576 முந்நூற்று அறுபத்தைந்து முறை போகும், மீதி 149. ஆக, ஓர் ஆண்டு என்பது 365 149/576 நாள்.

பின்னமாக நிற்கும் அந்த 149-ஐ என்ன செய்வது? ஒரு நாளுக்கு 60 நாழிகை. 149-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,940. மறுபடியும் 576-ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 300. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. 300-ஐ 60-ஆல் பெருக்கி வகுத்தால் ஈவு 31, மீதி 144. விநாழிகைக்கு 60 தற்பரை. 144-ஐயும் அதேபோலப் பெருக்கி வகுத்தால் ஈவு 15, மீதி பூஜ்யம். ஒட்டு உதிரி இல்லாமல் முடிந்துவிடுகிறது. 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. தமிழ்நாட்டின் வாக்கியப் பஞ்சாங்கம் பிடித்துவைத்திருக்கும் ஆண்டின் அளவு இதுவேதான். தற்பரை என்பது 0.4 விநாடி, அதுவரை இறங்கிக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த 365-ஐயும் 7-ஆல் வகுக்கலாம். 52 வாரம் போக மீதி ஒரு நாள். எனவே ஒவ்வொரு ஆண்டுப் பிறப்பும் முந்தையதைவிட 1 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை தள்ளித்தான் வரும். கிழமை அறிய இந்த மீதி மட்டும் போதும்; 52 வாரங்களைச் சுமக்க வேண்டியதில்லை. சித்திரை முதல் நாள் 2022-இல் வியாழன், 2023-இல் வெள்ளி. 2024-இல் சனி வந்திருக்க வேண்டாமா? ஞாயிறு வந்தது. ஆண்டுக்கு 15 நாழிகையாகச் சேர்ந்தது ஒரு முழு நாளாகி, சனிக்கிழமையை விழுங்கிவிட்டது.

கலப்பு பின்னத்தில் இன்னொரு சௌகரியம், மீதியைப் பார்த்தாலே லீப் ஆண்டுக் கணக்கு தெரிந்துவிடும். 149/576 என்றால் 576 ஆண்டுகளில் 149 ஆண்டுகளுக்கு 366 நாள். நான்கு ஆண்டுக்கு ஒன்று என்ற ஜூலியன் கணக்கில் 144 தான் வரும். 1582-இல் போப் 13-ஆம் கிரெகோரி கொண்டுவந்த, இன்று சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஆண்டு 365 97/400 நாள். இரண்டு மீதிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 233/14,400. இதைத் தலைகீழாக்கி வகுத்தால் 61 187/233. கிட்டத்தட்ட 62 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் சித்திரை முதல் நாள் ஆங்கிலத் தேதியில் பின்தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. காரணம் இரண்டு உண்டு. பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது, கிரெகோரி நாட்காட்டி பருவங்களை வைத்து அளக்கிறது. இது பெரிய காரணம். ஆரியபட்டரின் ஆண்டு உண்மையான விண்மீன் ஆண்டைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம், இது சிறியது.

விடையை எப்போதும் கலப்பு பின்னத்தில்தான் எழுத வேண்டும் என்று சில தேர்வுத்தாள்கள் அடம்பிடிக்கின்றன. அது அவ்வளவு நியாயமில்லை. 2 1/3-ஐ 1 1/2-ஆல் பெருக்கச் சொன்னால், முழுசை முழுசோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி 2 1/6 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். 7/3, 3/2 என்று மாற்றிக்கொண்டால் 7/2 உடனே வந்துவிடும். கிரெகோரி ஆண்டையே 1,46,097/400 என்று திருப்பி எழுதிப் பாருங்கள். அந்தத் தொகுதி 7-ஆல் மீதியின்றி வகுபடும். அதாவது 400 ஆண்டில் சரியாக 20,871 வாரங்கள். அதன்பின் கிழமைகள் அச்சு மாறாமல் திரும்பவரும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 2347 ஆகஸ்ட் 15-உம் வெள்ளிதான். 365 97/400 என்ற வடிவத்தை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் இது கண்ணில் படாது.

இரண்டு வடிவங்களுக்கும் இடையே மாறிமாறிப் போய்வந்து ஓர் இயந்திரத்தையே செய்தவர் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனை 1655-இல் கண்டுபிடித்தவர். கோள்களின் ஓட்டத்தைப் பல்சக்கரங்களால் காட்டும் கோளியந்திரம் ஒன்றை அவர் வடிவமைத்தார். தி ஹேக் நகரக் கடிகாரக் கைவினைஞர் யோஹானஸ் வான் கூலன் 1682-இல் அதைச் செய்துகொடுத்தார். பூமிக்கும் சனிக்கும் உள்ள வேக விகிதம் ஹைகன்ஸின் கணக்கில் 7,77,08,431/26,40,858. இத்தனை பற்களை எந்தச் சக்கரத்தில் வெட்ட முடியும்?

அவர் வகுத்தார். ஈவு 29, மீதி 11,23,549. மீதியைப் பகுதியாக வைத்து, பழைய பகுதியை அதன்மேல் ஏற்றினார். மறுபடியும் ஒரு தகா பின்னம். இப்போது ஈவு 2. மீண்டும் கவிழ்த்து வகுக்க 2. இன்னொரு முறை, 1. அங்கே நிறுத்தி, எஞ்சிய மீதியை விட்டுவிட்டுக் கீழிருந்து கட்டி ஏறினார். 2-உம் 1-உம் சேர்ந்து 3. அதைக் கவிழ்த்து 2-உடன் கூட்டினால் 2 1/3, அதாவது 7/3. அதையும் கவிழ்த்து 29-உடன் சேர்த்தால் 29 3/7. இதைத் தொடர் பின்னம் என்பார்கள். சிறிய எண்களைக்கொண்டு உண்மைக்கு மிக நெருங்கிவரும் விகிதத்தைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை.

ஆனால் 29 3/7 பல் உள்ள சக்கரம் கிடையாது. திரும்பவும் தகா பின்னமாக்க வேண்டும்: 29 பெருக்கல் 7, கூட்டல் 3. 206/7. சனிக்கு 206 பல் கொண்ட சக்கரம், அதை ஓட்ட 7 பல் கொண்ட குட்டிச் சக்கரம். இருபது ஆண்டு ஓடினாலும் அவருடைய விகிதத்திலிருந்து சனி ஒரு பாகையில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான் விலகும். இந்தக் கணக்கின் விவரம் ஹைகன்ஸ் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1703-இல்தான் அச்சேறியது. இயந்திரம் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், போர்ஹாவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.