எட்டாவது பிட்டில் இருக்கும் தமிழ்

1980களிலும் 1990களிலும் வாங்கப்பட்டு, இப்போது அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் மடிக்கணினியிலிருந்து கோப்புகளை இன்றைய கணினிக்குக் கொண்டுவருவது ஒரே வேலைபோலத் தோன்றினாலும், உண்மையில் அது இரண்டு வேலைகள். பழைய இயந்திரத்தின் வட்டிலோ நினைவகத்திலோ எண்களாகப் பதிந்திருப்பதைச் சிறிதும் மாறாமல் வெளியே எடுப்பது முதல் வேலை. எடுத்த எண்களை மீண்டும் எழுத்தாகப் படிப்பது இரண்டாவது வேலை. ஆங்கிலத்தில் எழுதி வைத்தவருக்கு முதலாவது முடிந்தாலே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். ஏனெனில் ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணை 1960களில் வகுக்கப்பட்டு இன்றுவரை வழக்கில் இருக்கிறது. தமிழில் எழுதியவர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படியோர் அட்டவணை அன்று இல்லாததால், தமிழ்க் கோப்புகளை மீட்பதில் வட்டையும் கம்பியையும்விட எழுத்துருதான் பெரிய சிக்கலாக நிற்கிறது; அந்தச் சிக்கலும் கம்பியை மாட்டும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பழைய கையடக்கக் கணினி என்ற பெயருக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல இயந்திரங்கள் அடங்கும். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. கைப்பிடி ஒன்று இருந்ததைத் தவிர அதைக் கையடக்கம் என்று சொல்ல வேறு காரணம் கிடையாது. 1983இல் ஜப்பானின் கியோசெரா தயாரித்து அமெரிக்காவின் டாண்டி நிறுவனம் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100, நான்கு பென்சில் பேட்டரியில் ஓடி, 8 வரி மட்டும் காட்டும் திரையோடு, எழுதியதையெல்லாம் வட்டில்லாமல் நினைவகத்திலேயே வைத்திருந்தது. 1985இல் வெளிவந்த தோஷிபா டி1100, 720 கிலோபைட் கொள்ளும் மூன்றரை அங்குல பிளாப்பியையும் டாஸ் இயங்குதளத்தையும் கொண்டிருந்தது. தமிழ் வாசகருக்கு முக்கியமானவை டாஸும் அதன் பின்வந்த விண்டோஸும் ஓடிய இந்தக் கடைசி வகைதான். கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு ஆகிய மென்பொருள்கள் 1980களிலேயே தனியாள் கணினியில் தமிழை எழுத வழிசெய்துவிட்டன.

இத்தகைய இயந்திரம் கையில் கிடைத்ததும் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. உள்ளே இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி ஆண்டுக்கணக்கில் கசிந்து, மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடங்களைப் பச்சை பூக்க அரித்திருக்கக்கூடும். முதலில் பெட்டியைத் திறந்து அதைக் கழற்ற வேண்டும். அடாப்டர் தொலைந்திருந்தால், முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகக் கூடாது. மாடல் 100இன் அடாப்டரில் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவற்றில் நடுமுனை நேர்மின். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் செருகினால் மீட்க வேண்டிய பொருளே போய்விடும்.

மலையூர்களில் இதற்கு முன்பாகவே இன்னொரு சோதனை உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நீலகிரியின் கிழக்குப் பக்கமாக அமைந்த கீழ் கோத்தகிரியில், தொட்டபெட்டா மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்துக் கூடலூரில் பெய்வதுபோலப் பெய்வதில்லை என்றாலும், வடகிழக்குப் பருவமழையின் மாதங்களில் ஈரமும் பனிமூட்டமும் அடைத்துவைத்த அறைக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. எஸ்டேட் ஆபீஸின் செக்ரோல் என்னும் கூலிக் கணக்கானாலும், ஆசிரியர் ஒருவர் தட்டிவைத்த ஊர் வரலாறானாலும், படகர் மொழியின் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் பதிந்த தொகுப்பானாலும், அத்தகைய அறையில் இருந்த பிளாப்பியில் பூஞ்சணம் பிடித்திருக்க வாய்ப்பு மிகுதி. பிளாப்பியின் உலோக மூடியை விரலால் தள்ளி, உள்ளே தெரியும் கருந்தகட்டை வெளிச்சத்தில் சாய்த்து மெல்லச் சுழற்றினால், வெளிறிய புள்ளிகளோ வளையங்களோ கண்ணுக்குத் தெரியும். அவை தெரிந்தால் அந்த வட்டை டிரைவில் போடவே கூடாது. பூஞ்சணம் படிக்கும் முனையில் ஒட்டி, அடுத்துப் போடப்படும் நல்ல வட்டுகளையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்ட பிறகே படிக்க முயல வேண்டும்.

வட்டு நன்றாக இருந்தால் வழி எளிது. யுஎஸ்பியில் மாட்டும் பிளாப்பி டிரைவ் இன்னும் விற்பனையில் இருக்கிறது. சோனி நிறுவனம் 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்ட பிறகும், டிரைவுகள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் அகப்படுகின்றன. ஆனால் அவை டாஸ், விண்டோஸ் முறையில் எழுதிய 720 கிலோபைட், 1.44 மெகாபைட் வட்டுகளைத்தான் படிக்கும். பழைய மெக்கின்டாஷ் 400, 800 கிலோபைட் வட்டுகளைத் தடத்துக்குத் தடம் வேகத்தை மாற்றி எழுதியதால், இந்த டிரைவுகளுக்கு அவை வெற்றுவட்டாகத் தெரியும். வன்தட்டு உள்ள மடிக்கணினியாக இருந்தால், இரண்டரை அங்குல வன்தட்டைக் கழற்றி, 44 ஊசி உள்ள ஐடிஇ இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் சிறு பலகையில் செருகிவிடலாம். அப்போதும் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவதைவிட, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளைக் கொண்டு வட்டு முழுவதையும் ஒரே பிம்பமாகப் படியெடுப்பதே முறை. படிக்க முடியாத பகுதிகளை அது தாண்டிச் சென்று, மற்றதையெல்லாம் எடுத்த பின்பு அவற்றுக்குத் திரும்பிவரும்.

வட்டும் கைவிட்ட இடத்தில் துணை நிற்பது சீரியல் போர்ட். ஒரு கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுகளை அனுப்பும் இந்த வாயில், ஆர்எஸ்-232 என்ற ஒரே தரத்தில், அக்காலக் கையடக்கக் கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது; இன்றைய கணினியில் அது இல்லை என்றாலும் யுஎஸ்பி மாற்றி ஒன்று அந்தக் குறையைத் தீர்க்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி, ஒன்று பேசும் ஊசி மற்றது கேட்கும் ஊசியில் சேரும்படி குறுக்கே மாறியிருக்க வேண்டும். அதற்கு நல்மோடம் கேபிள் என்று பெயர். ஒன்பது ஊசி இணைப்பில் 2ஆம் 3ஆம் ஊசிகளைக் குறுக்கிட்டு, 5ஆம் ஊசியை நேராக இணைத்தால், மூன்றே கம்பிகளில் அடிப்படை வேலை நடந்துவிடும். வேகம் குறைவுதான். நொடிக்கு 9600 பிட் என்றால், ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு பிட் கூடுவதால், நொடிக்கு 960 பைட் போகும். 720 கிலோபைட் பிளாப்பி ஒன்று ஏறத்தாழ 13 நிமிடத்தில் வந்துசேரும், 20 மெகாபைட் வன்தட்டுக்கு 6 மணி நேரம் ஆகும். வாழ்நாள் முழுவதும் எழுதியது ஓர் இரவில் வந்துவிடும் என்றால் அது குறையொன்றும் இல்லை.

அனுப்பும் மென்பொருள் பழைய கணினியில் இருக்க வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. 1993இல் வந்த டாஸ் 6இல் இதற்கு ஓர் அழகான தந்திரம் இருந்தது: இண்டர்சர்வர் என்ற நிரல், மறுமுனைக் கணினியின் கட்டளை வாயிலைச் சீரியல் கம்பிக்குத் திருப்பிவிடச் சொல்லி, அதன் வழியாகத் தன்னையே அங்கே படியெடுத்துக்கொள்ளும். ஒரு பிளாப்பியும் போட முடியாத இயந்திரத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வழி அன்று கிடையாது. ஆனால் அதற்கு ஏழு கம்பி உள்ள கேபிளும், மறுபக்கம் டாஸ் ஓடும் கணினியும் தேவை. நேராக இன்றைய கணினிக்கு அனுப்ப, வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் சிகாகோவில் எழுதிய எக்ஸ்மோடம் முறையோ, 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்மிட்டோ உதவும். எக்ஸ்மோடம் கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கூட்டுத்தொகையையும் சேர்த்து அனுப்புகிறது; மறுமுனை கூட்டிப் பார்த்து, ஒத்துவராவிட்டால் அதே துண்டை மீண்டும் கேட்கிறது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் 26 என்ற எண்ணைப் போட்டு நிரப்புவதால், வந்துசேர்ந்த கோப்பின் கடைசியில் சில வேண்டாத குறிகள் தெரியும், அது பழுதன்று.

இத்தகைய சரிபார்ப்பு எதுவும் இல்லாமல், கோப்பை வெறும் உரையாகக் கம்பியில் கொட்டும் வழக்கம்தான் தமிழுக்கு ஆபத்து. ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உண்டு. ஆஸ்கி அட்டவணை அவற்றுள் ஏழை மட்டும் கொண்டு 0 முதல் 127 வரையான எண்களில் ஆங்கிலத்தை அடக்கிவிட்டது. எட்டாவது பிட் திறந்துவிடும் 128 முதல் 255 வரையான இடங்களில்தான் திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றம், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் அட்டவணை, தமிழை வைத்தது. அதில் ‘தமிழ்’ என்ற சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு எண்களாகப் பதியும். பழைய இயந்திரங்கள் சிலவற்றின் வழக்கமான அமைப்பாகிய ஏழு பிட்டில் கம்பி இருந்தால், ஒவ்வோர் எண்ணிலும் 128 கழிந்து 62, 65, 34, 122 என்று மறுபக்கம் சேரும். திரையில் ஒரு கணிதக் குறியும், ஆங்கிலப் பெரிய ஏயும், ஒரு மேற்கோள் குறியும், சிறிய இசட்டும் தெரியும். ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பில் இப்படி நேர்ந்தால், எது முதலிலிருந்தே ஆங்கிலம், எது தமிழாயிருந்து தேய்ந்தது என்று பிரிக்க வழியே இல்லை. வேர்ட்ஸ்டார் மென்பொருள் சொல்லின் கடைசி எழுத்தைக் குறிக்க எட்டாவது பிட்டைப் பயன்படுத்தியதால், அதன் கோப்புகளைச் சீராக்க அந்தப் பிட்டை நீக்கிவிடுமாறு ஆங்கிலக் கையேடுகள் சொல்வதுண்டு. ஆங்கிலத்துக்குச் சரியான அந்த அறிவுரையைத் திஸ்கிக் கோப்பில் செய்தால் தமிழ் முழுவதும் போய்விடும்.

எல்லாத் தமிழ்க் கோப்பும் திஸ்கியில் இருப்பதும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தாம், தாப் என்ற இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. அதற்கு முன்னும் பின்னும் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பரவிய பாமினி எழுத்துரு, தமிழின் பெரும்பகுதியை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே வைத்துவிட்டது. அதனால் பாமினிக் கோப்பு ஏழு பிட் கம்பியிலும் பெரிதும் சேதமில்லாமல் வரும். ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் அது தாறுமாறான ஆங்கிலமாகத் தெரிவதால், கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழிக்கப்படும் அபாயம் அதற்குத்தான் அதிகம்.

வந்த எண்களை இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றுவதும் ஒன்றுக்கு ஒன்றான மாற்றம் அல்ல. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதின: ‘கொ’ என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முன்னும், ஒகரக் குறி ஒரே குறியாகப் பின்னும் வரவேண்டும். ஆகவே மாற்றும் நிரல் எழுத்துகளை இடம் மாற்றிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பாமினி போன்றவற்றில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண் என்பதால், அவசரமாக எழுதிய நிரல் ‘தெளிவு’ என்ற சொல்லில் உள்ள ளகரத்தை ஔகாரமாக்கி ‘தௌிவு’ என்று விட்டுவிடும். இணையத்தில் இன்றும் காணப்படும் இந்தப் பிழை தட்டச்சுப் பிழை அன்று, குறியேற்ற மாற்றத்தின் தழும்பு. திஸ்கியை லினக்ஸில் உள்ள ஐகான்வ் நிரலே மாற்றித்தரும். மற்றவற்றுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை உள்ளன. எதைப் பயன்படுத்தினாலும் முடிவில் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் 1998 பொங்கலன்று தொடங்கிய இத்திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டிய இலக்கிய நூல்கள் மயிலை, இணைமதி ஆகிய எழுத்துருக்களிலும் திஸ்கிக் குறியேற்றத்திலும் வெளியாகி, பிறகு யூனிகோடுக்குப் பெயர்ந்தன. தமிழக அரசு 2010இல்தான் யூனிகோடையும் அதற்கு இணையாகத் தேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் தப்பியதற்குக் காரணம், எந்த நூல் எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்திருந்ததே. வீட்டு அலமாரியில் உள்ள கணினிக்கு அப்படிக் குறித்துவைத்தவர் யாரும் இருக்க மாட்டார்.

அதனால் கோப்பை எடுப்பவர் எழுத்துருவையும் எடுக்க வேண்டும். விண்டோஸ் 3.1இல் அது விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம் என்ற உள்ளடைவிலும், விண்டோஸ் 95 முதல் ஃபாண்ட்ஸ் என்ற அடைவிலும் இருக்கும். பெயர் தெரியாத தனியார் எழுத்துருவாக இருந்தாலும், எந்த எண்ணில் எந்த எழுத்து வரையப்பட்டிருக்கிறது என்பதை அந்தக் கோப்பைத் திறந்தே படித்து, அதற்கென மாற்று அட்டவணை ஒன்றை எழுதிவிட முடியும். மூலக் கோப்பையும் யூனிகோடாக்கிய படியையும் எழுத்துருவோடு சேர்த்து ஒரே அடைவில் போட்டு, அதன் பிரதி ஒன்றை மலையிலும் இன்னொன்றைக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வைத்துக்கொள்ளலாம். 60 கிலோபைட் எழுத்துரு ஒன்று 9600 பிட் வேகத்தில் கம்பி வழியாக வந்துசேர ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும்.