எந்தச் சர்க்கரை மாத்திரை யாருக்கு?

இரண்டாம் வகை நீரிழிவில் இரத்தச் சர்க்கரை ஏறப் பல காரணங்கள் உண்டு. கணையம் போதுமான இன்சுலினைச் சுரப்பதில்லை. சுரக்கும் இன்சுலினுக்கும் தசைகள் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கல்லீரலோ வேண்டாத நேரத்திலும் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் கொட்டுகிறது. ஒவ்வொரு மாத்திரையும் சர்க்கரை ஏறும் வழியில் ஏதோ ஓரிடத்தில் கை வைக்கிறது. சர்க்கரையைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை என்பதால், இதயம், சிறுநீரகம், எடை, கைக்காசு ஆகியவற்றை எது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துப்போன மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது பலிக்காமல் போவதும் இதனால்தான்.

பெரும்பாலான மருந்துச் சீட்டுகளில் முதலில் இருப்பது மெட்ஃபார்மின். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் புழங்கிய கலேகா என்ற செடிதான் இதன் மூலம். 1957-இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதி தர 1994 ஆகிவிட்டது. இதன் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைத் தேக்கியதால் 1970-களில் திரும்பப் பெறப்பட்டிருந்தது. அந்தப் பயம் மெட்ஃபார்மின் மீதும் படிந்தது.

கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைப்பதே இதன் முக்கிய வேலை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 1 முதல் 1.5 புள்ளி வரை இறங்கும். எடை கூடாது; தனியாக எடுத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அபூர்வம். தொல்லை வயிற்றில்தான்: குமட்டல், வயிற்றுப்போக்கு. சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினாலோ, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரைக்கு மாறினாலோ பலருக்கு அடங்கிவிடும். எஸ்.ஆர். மாத்திரை மலத்தில் முழுசாக வந்துவிட்டதே என்று சிலர் பயப்படுவதுண்டு. மருந்து கரைந்து இறங்கிய பிறகு மிஞ்சிய வெறும் கூடு அது. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனால் வரும் கால் மரமரப்பைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும்.

1942-இல் தெற்கு பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு சல்ஃபா மருந்து, அவர்களின் சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கியது. அங்கே தொடங்கியதுதான் சல்ஃபோனைல்யூரியா குடும்பம்: கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு. விலை மிகக் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் இவை கணையத்தைத் தூண்டுகின்றன. மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்தாலோ, மதியச் சாப்பாடு தள்ளிப்போனாலோ கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயக்கம் வரை போகும். எடையும் கொஞ்சம் கூடும். கிளிபென்கிளமைடின் வேலை நெடுநேரம் நீடிப்பதால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தக் குடும்பம் இதயத்துக்கு ஆகாது என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. கிளிமிபிரைடையும், கிளிப்டின் என்ற இன்னொரு குடும்பத்தைச் சேர்ந்த லினாகிளிப்டினையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கிளிப்டின்கள் சாதுவானவை. உணவு உள்ளே போகும்போது மட்டும் இன்சுலினைக் கூட்டும் குடல் ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் இவை காக்கின்றன. சர்க்கரை தாழ்வது அபூர்வம், எடை மாறாது, வீரியமும் நடுத்தரம்தான். தனியாக வசிக்கும் முதியவருக்கு இந்தச் சாதுத்தனமே பெரிய தகுதி. லினாகிளிப்டினுக்குச் சிறுநீரகம் பழுதானாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. காப்புரிமை முடிந்ததும் இந்தியாவில் 2019-இல் வில்டாகிளிப்டினும் 2022-இல் சிட்டாகிளிப்டினும் மலிவாகின.

நீரிழிவு மருத்துவத்தின் கணக்கையே மாற்றியவை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை. சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் குளுக்கோஸை, நாளுக்குச் சுமார் 70 கிராம் வரை, இவை சிறுநீரிலேயே விட்டுவிடச் செய்கின்றன. இவற்றைச் சாப்பிடுபவரின் சிறுநீரில் சர்க்கரை தெரிவது மருந்து வேலை செய்வதன் அடையாளம். 2015-இல் வெளியான ஆய்வில், இதய நோயும் சேர்ந்திருந்த 7,020 பேரிடம் எம்பாகிளிஃப்ளோசின் இதய, இரத்தக்குழாய் நோய் மரணங்களை 38 சதவீதம் குறைத்தது. சிறுநீரகத் தேய்வையும் இவை தள்ளிப்போடுகின்றன. எனவே இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு எச்பிஏ1சி எவ்வளவு என்று பாராமலே இவை பரிந்துரைக்கப்படுகின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும் தொல்லை. அரிதாக, சர்க்கரை அவ்வளவு ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும். அதனால் அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்னதாக நிறுத்துவார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்திருக்கும் நாட்களிலும் எடுக்கக் கூடாது.

மற்றவற்றில் பயோகிளிட்டசோன் தசைகளை இன்சுலினுக்கு இணங்க வைக்கும். ஆனால் உடலில் நீர் கோர்க்கும் என்பதால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. 2013-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, சில வாரங்களில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பி வந்தது. முதல் கவளத்தோடு போட வேண்டிய அகார்போஸும் வோக்ளிபோஸும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும், வயிற்றில் வாயுவைச் சேர்க்கும். இவற்றை வேறு மருந்தோடு சேர்த்து எடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்தால் சீனி கைகொடுக்காது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். ஊசியாகப் பெயர் பெற்ற செமாகுளுடைடு மாத்திரையாகவும் வருகிறது. வெறும் வயிற்றில் 120 மில்லிலிட்டருக்கு மிகாத தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விலையும் அதிகம்.

நம் கடைகளில் இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக அடைத்த கூட்டு மாத்திரைகளே பெரும்பாலும் விற்கின்றன. எம் 1, எம் 2 என்று முடியும் பல பெயர்களில் எண் குறிப்பது கிளிமிபிரைடின் மில்லிகிராம். கூடவே மெட்ஃபார்மினும் இருக்கும். இரண்டு மருத்துவர்களிடம் பார்ப்பவர்கள் வெவ்வேறு பெயர்களில் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குவது இப்படித்தான் நேர்கிறது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் மூலப்பெயர்களை ஒப்பிட்டாலே அது தெரிந்துவிடும்.