நாயோடு ட்ரெக்கிங் போகலாமா? காட்டில் ஏன் தடை, புல்வெளியில் என்ன சிக்கல்?

மலை உச்சியில் ஒரு லேப்ரடார் நாக்கைத் தொங்கப் போட்டபடி நிற்கும். பின்னால் மேகம் நகரும். இந்த மாதிரி ரீல் ஒன்றாவது உங்கள் ஃபோனில் வந்திருக்கும். பார்த்ததும் 'நம்ம பயலையும் கூட்டிட்டுப் போனா என்ன?' என்று தோன்றுவது இயல்புதான். வாரம் முழுக்க ஃபிளாட்டுக்குள்ளேயே கிடக்கிற ஜீவன், பாவம்.

ஆனால், எங்கே கூட்டிப்போகலாம் என்று தேடினால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. அதனால் நேரடியாகவே சொல்லிவிடலாம். வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் காட்டுக்குள் நாயை அழைத்துப்போக முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே இருக்கும் புல்வெளி, புதர்க்காடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் வேறு கதை. அங்கே கேட் கிடையாது, தடுக்க ஆளும் கிடையாது. பிரச்சினையே அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் மட்டும்தான் அனுமதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்தான். சரணாலயங்களுக்கு 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 27-வது பிரிவு இருக்கிறது. நமக்கே இந்த நிலைமை என்றால் நாய்க்கு?

2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. ஆன்லைனில் புக் செய்து வழிகாட்டியோடு போகலாம். அந்த டிக்கெட் ஆட்களுக்கானது. 'அங்க போய்ப் பேசிக்கலாம்' என்று நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசியில் அதைக் காருக்குள் பூட்டிவிட்டு மலை ஏறத் தோன்றும். வெயிலில் நிற்கும் கார், நாய்க்கு அடுப்பு.

அதிகம் பேசப்படாத விஷயம் இன்னொன்று. 1972 சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை. விலங்கை விரட்டுவதும், நாயை விட்டுத் துரத்திப் பிடிப்பதும், அதற்கு முயல்வதும்கூட அதில் வருகிறது. 'சும்மா விளையாட்டுக்குத்தான் சார் அவிழ்த்துவிட்டேன்' என்ற சமாதானம் எடுபடும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு நாயால் காட்டுக்கு என்ன ஆகிவிடும்?

1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள் செத்துப்போயின. அங்கிருந்த சிங்கங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. காரணம் கேனைன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ். பெயரிலேயே இருக்கிறது, நாய்களின் நோய். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் பலவற்றில் இதே வைரஸ் உறுதியானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூட்டமாக வாழும் செந்நாய்க்கும் டிஸ்டெம்பர், ரேபிஸ் இரண்டும் தொற்றும். கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் மற்றவை தப்புவது கஷ்டம்.

'என் நாய்க்குத்தான் எல்லா ஊசியும் போட்டாச்சே' என்பீர்கள். நியாயமான வாதம்தான். முறையாகத் தடுப்பூசி போட்ட நாயால் நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. காட்டோரத்தில் நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஊசியே பார்க்காத, கவனிப்பாரற்ற நாய்கள். இதில் வீட்டு நாயைத் தூக்கில் போட வேண்டியதில்லை.

ஆனால் வாசனைக்கு ஊசி கிடையாது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே உள்ள காட்டுப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. கயிற்றில் கட்டிய நாயோடு ஆட்கள் நடந்துபோன பாதைகளில் பறவை இனங்கள் 35% குறைவாகவும், பறவைகளின் எண்ணிக்கை 41% குறைவாகவும் தென்பட்டன. கவனியுங்கள், அவிழ்த்துவிட்ட நாய் இல்லை, கட்டிய நாய். பறவைக்கு அது உங்கள் 'செல்லம்' என்று தெரியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. சிறுத்தைக்கு நாய் என்றால் சாப்பாடு. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்ததில், அவை தின்ற இரையின் எடையில் 39% நாய்கள். அது அடர்ந்த காடுகூட இல்லை, கரும்புத் தோட்டங்களும் வீடுகளும் கலந்த விவசாயப் பகுதி. மலையடிவார ஹோம்ஸ்டேயில் இரவு நாயை வெளியே கட்டிப்போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

'வெறும் பொட்டல்தானே?'

சரி, காடு வேண்டாம். ஊருக்கு வெளியே காய்ந்த புல்லும் நாலைந்து வேல மரமுமாக ஒரு வெட்டவெளி கிடக்கிறது. ஆள் இல்லை, வண்டி இல்லை. கயிற்றைக் கழற்றிவிட்டால் நாய் ஆசை தீர ஓடும். இதைவிட நல்ல இடம் வேறு என்ன?

நாம் மட்டும் இப்படி நினைப்பதில்லை, அரசாங்கத்தின் கணக்கே அப்படித்தான். இந்தியாவின் வறண்ட புல்வெளிகளும் புதர் நிலங்களும் பெரும்பகுதி 'தரிசு நில' வரைபடங்களில்தான் இடம்பிடித்திருக்கின்றன. ஆனால் அந்தத் 'தரிசில்' கவுதாரி, காடை, வானம்பாடி, ஆட்காட்டி எல்லாம் முட்டையிடுவது தரையில். மரத்தில் கூடு என்றால் நாய்க்கு எட்டாது. மஞ்சள் மூக்கு ஆட்காட்டியின் முட்டை, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும். நாம் நின்று பார்த்தாலும் தெரியாது, மூக்கு வைத்துத் தேடும் நாய்க்குத் தெரியும். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால், கூடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். (ஆளைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். அந்த இடத்தில் கொஞ்சம் தன்னையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.)

வெளிமான் குட்டியும் அப்படித்தான். பிறந்த புதிதில் தாயோடு ஓடாது. புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கிடக்கும், தாய் தள்ளி நின்று மேயும். தூத்துக்குடி மாவட்டம் வல்லநாடு போன்ற இடங்களில் வெளிமானுக்கெனச் சரணாலயம் இருக்கிறது. ஆனால் மானுக்கு எல்லைக்கல் தெரியாது.

ஓநாய்க்கு வந்த சிக்கல் இன்னும் வினோதமானது. 2023-ல் புணே அருகே புல்வெளியில் திரிந்த, நிறத்தில் வித்தியாசமான ஓநாய்களின் மரபணுவைச் சோதித்தபோது, அவை ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பு என்று தெரியவந்தது. ஓநாய்கள் குறைந்து, நாய்கள் பெருகினால் இதுதான் நடக்கும். உங்கள் பீகிள் ஓடிப்போய் ஓநாயோடு குடும்பம் நடத்தப்போவதில்லை, அது தெருநாய்களின் கதை. ஆனால் கிராமத்தில் விட்டுவிட்டு வரப்படும் வளர்ப்பு நாய்களும் கடைசியில் அந்தக் கூட்டத்தில்தான் சேர்கின்றன.

இதில் நம் ஊர் நாய் வைத்திருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிக்கவென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனங்கள். எவ்வளவு பழக்கியிருந்தாலும், 100 மீட்டர் தள்ளி முயல் எழுந்து ஓடும்போது நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. பிறவிக்குணம், நாயைத் திட்டிப் பயனில்லை.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்ட திறந்தவெளிகளில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2000-ல் வந்த சட்டம். கால்நடை மேயும் இடத்தில் ஆண்டு முழுக்கவே கயிறு கட்டாயம். நம் புல்வெளியிலும் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு கிடை சிதறினால் நஷ்டம் அவர்களுக்கு. அந்த 2 மீட்டர் கணக்கை நாமே வைத்துக்கொண்டால் என்ன?

நாய்க்கு என்ன ஆபத்து?

முதல் எதிரி வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சரியாக வராது. அவற்றை நீண்ட நடைக்கே கூட்டிப்போகாமல் இருப்பது நல்லது. புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். விடிகாலையில் போய் 8 மணிக்குள் திரும்பிவிடுவதே சரி.

நடை தள்ளாடி, ஈறு சிவந்து, எச்சில் கெட்டியாக ஒழுகினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஓரளவு குளிரவைத்த பிறகுதான் மருத்துவரிடம் வண்டியில் ஏற்ற வேண்டும். நாம் பதறிப்போய் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவோம்.

அடுத்தது புல்லே. காய்ந்த புல் விதைகள் சில ஈட்டி மாதிரி இருக்கும், முன்னால் மட்டுமே நகரும். விரலிடுக்கிலோ காதிலோ ஏறினால் தானாக வெளியே வராது, தோலைத் துளைத்து உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் நாய் ஒரே காதைச் சொறிந்துகொண்டோ தலையை ஆட்டிக்கொண்டோ இருந்தால் பட்ஸ் விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதே விரலிடுக்கு, அக்குள், காதுமடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் நாம் ட்ரெக் போனதையே மறந்திருப்போம்.

வறண்ட புல்வெளியில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. நாய் மூக்கை நுழைக்கும் இடத்தில்தான் அவை படுத்திருக்கும், அதனால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ. மனிதர்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்தையே நாய்க்கும் போடலாம். ஆனால் எல்லா கிளினிக்கிலும் அது இருப்பு இருக்காது. கிளம்புவதற்கு முதல் நாளே போகிற ஊருக்குப் பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு, மருந்து இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டு, அந்த நம்பரை ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு தேடலாம் என்றால் டவர் கிடைக்காது.