ஏலத்தில் எடுத்த சரக்கும் கையைவிட்டுப் போன பணமும்

திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த நம் ஜனங்களில் பலருக்கு ஏலம் என்பது புதிய காரியமல்ல. திருவிதாங்கூர் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் இருக்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பகுதிகளிலிருந்து வந்து, பழைய இரும்பும் காகிதமும் எடுத்து விற்று, ‘ஆக்ரிக் கடை’ என்று இவ்வூரார் சொல்லும் தொழிலில் நிலைகொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்களில் கொஞ்சம் வளர்ந்தவர்கள் வீடு வீடாகச் சென்று வாங்குவதை விட்டு, ரயில்வே, சுங்க இலாகா, அரசு அலுவலகங்கள் முதலியவை விற்கும் சரக்கை மொத்தமாக ஏலத்தில் எடுக்கத் துணிகிறார்கள். மலையாளத்தார் ‘லேலம்’ என்பதும் நாம் ‘ஏலம்’ என்பதும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரே சொல்லின் இரு வடிவங்கள். சொல்லைப் போலவே அதன் வேதனையும் இரு மொழியாருக்கும் பொதுவானது.

ஏலத்துக்கு வரும் சரக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒருவர் கேட்டு வாங்காமல் விட்டதே மற்றொருவருக்கு விற்பனைக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய சரக்கை 30 நாட்களுக்குள் உரியவர் விடுவித்துக்கொள்ளாவிட்டால், அறிவிப்புக் கொடுத்து அதை விற்கலாம் என்று 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 48-ஆம் பிரிவு சொல்லுகிறது. ரயிலில் வந்து யாரும் பெற்றுக்கொள்ளாத பார்சலுக்கு 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் இதுபோன்ற வழி இருக்கிறது. அமெரிக்காவிலோ இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே வீட்டில் இடமில்லாதவர்கள் மாத வாடகைக்கு ஒரு சிறிய அறையை எடுத்துச் சாமான்களைப் பூட்டி வைக்கிறார்கள். வாடகை நிலுவையானால் பூட்டு அறுக்கப்பட்டு, அறை அப்படியே ஏலம் போகிறது. கேட்பவர்கள் வாசலில் நின்று சில நிமிடங்கள் பார்க்கலாம்; உள்ளே கால் வைக்கவோ ஒரு பெட்டியைத் திறக்கவோ கூடாது. எடுத்தவர் குப்பை உட்பட முழுவதையும் குறித்த நாளுக்குள் காலி செய்து, அறையைப் பெருக்கியும் கொடுக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபின், பூட்டிய அறைக்குள் புதையல் இருக்கும் என்ற எண்ணம் உலகமெங்கும் பரவியது. அதில் பங்கேற்றவர்களில் ஒருவரே, அறைகளில் விலையுயர்ந்த பொருட்களை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தார்கள் என்று 2012-இல் வழக்குத் தொடுத்தார் என்பது அவ்வளவாகப் பரவவில்லை.

நம்முடைய கூட்டங்களிலும் இதற்கு ஒப்பான ஒரு காரியம் நடக்கிறது. ஏலத்தில் எடுத்த பழைய மோட்டாருக்குள் எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு செம்பு இருந்ததென்றால், அது சாட்சியாகச் சபை நடுவில் சொல்லப்படும். மோட்டாருக்குள் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி இருந்ததென்றால், அந்தச் சகோதரர் அந்த வாரம் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் வாலிபர்கள் இலாபத்தை மட்டுமே கேட்டுக் கேட்டு, இத்தொழிலில் இலாபம் மட்டுமே உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். ஆகையால் நஷ்டத்தைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே பேசுவோம்.

அன்பானவர்களே, ஏலத்தில் நஷ்டம் வருவது துரதிர்ஷ்டத்தினால் மட்டுமல்ல. ஏலம் நடக்கும் முறையிலேயே அது ஒளிந்திருக்கிறது. இதை முதலில் எழுதி வைத்தவர்கள் அமெரிக்காவின் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூவர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் இருக்கும் இடங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தைக் காணவில்லை. காரணத்தை ஆராய்ந்து 1971-இல் அவர்கள் சொன்னது இதுதான்: ஒரே பொருளைப் பத்துப் பேர் மதிப்பிடும்போது சிலர் குறைவாகவும் சிலர் அதிகமாகவும் மதிப்பிடுவார்கள், எல்லாரிலும் அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவனுக்கே ஏலம் விழும். இதற்கு ‘வென்றவனின் சாபம்’ என்று பெயரிட்டார்கள். பின்பு 1983-இல் பேசர்மன், சாமுவெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள், நாணயங்கள் முதலியவை நிறைந்த ஜாடிகளை மாணவர்களிடம் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் மெய்யான மதிப்பு 8 டாலர். மாணவர்கள் மதிப்பிட்டதன் சராசரி 5 டாலர் 13 சென்ட் மட்டுமே. அதாவது பெரும்பாலோர் எச்சரிக்கையாகவே இருந்தார்கள். ஆனாலும் ஏலத்தை வென்ற தொகையின் சராசரி 10 டாலர் 1 சென்ட்! கூட்டத்தின் புத்தி விலையைத் தீர்மானிப்பதில்லை, அதிக ஆசைப்பட்ட ஒருவரே தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அப்படியிருக்க, பத்துப் பேர் கேட்கும் சரக்குக்கு நாம் கேட்கும் தொகை, இரண்டு பேர் மட்டும் கேட்கும் சரக்கைவிடக் குறைவாயிருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறாயிருக்கிறது. கூட்டத்தைக் கண்டதும் ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று கையை இன்னும் உயர்த்துகிறோம்.

இன்னொரு காரணம், கேட்ட விலையையே அடக்கவிலை என்று எண்ணிக்கொள்வது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய இரும்பு ஒரு லாட்டை 1,00,000 ரூபாய்க்கு எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 18,000 ரூபாய். சுமைக்கூலியும் லாரி வாடகையும் 9,000. கிடங்கும் தரம் பிரிக்கும் கூலியும் 5,000. மூன்று வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்துக்கு இரண்டு மாத வட்டி 6,000. ஆக மொத்தம் 1,38,000. சரக்கு 1,10,000 ரூபாய்க்கு விற்றால், கேட்ட விலைக்குமேல் 10,000 வந்தது என்று சந்தோஷப்படுகிறவர் உண்மையில் 28,000 இழந்திருக்கிறார். அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவராயிருந்து, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளக் கூடுமானால், இழப்பு 10,000-ஆகக் குறையும். பதிவில்லாதவர் பதிவுள்ளவரோடு போட்டியிடும்போது, தொடக்கத்திலேயே 18,000 பின்தங்கி நிற்கிறார் என்பதைச் சிறு வியாபாரிகள் கவனிப்பதில்லை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிறவனைப் பற்றிய உவமை நமக்கெல்லாம் தெரியும்; ஏலக்களத்துக்கு வரும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

சரி, நஷ்டம் வந்துவிட்டது. இப்பொழுது என்ன செய்வது?

ஏலம் நம் பேரில் விழுந்தும் முழுத்தொகையை இன்னும் கட்டாமலிருந்தால், ஒரு வாசல் திறந்திருக்கிறது. முன்பணமாக 10,000 கட்டியிருக்கிறோம். சரக்கை எடுத்தால் 28,000 இழப்பு வரும் என்று இப்பொழுது தெரிகிறது என்றால், முன்பணத்தை விட்டுவிட்டு விலகுவது குறைந்த இழப்பாயிருக்கலாம். ஆனால் ஏல நிபந்தனைகளை வரிக்கு வரி வாசித்த பிறகே அப்படிச் செய்ய வேண்டும். மறுஏலத்தில் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தை முதலில் எடுத்தவரிடமே வசூலிக்கும் நிபந்தனையும், சில காலம் ஏலத்தில் பங்குபெறத் தடைசெய்யும் நிபந்தனையும் உண்டு. பணம் கட்டியபின் குறித்த நாளுக்குள் சரக்கை அப்புறப்படுத்தாவிட்டால் தரை வாடகையும் ஏறிக்கொண்டே போகும்.

ஏலம் விழுமுன்னே மனம் மாறினால் என்ன? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, சுத்தியல் விழுகிறவரை, அல்லது வழக்கமான வேறு முறையில் விற்பனை அறிவிக்கப்படுகிறவரை, யாரும் தாம் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விற்பவர் விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாக ஆள் வைத்துக் கேட்கச் செய்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இப்போது அரசுச் சரக்குகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. போன்ற தளங்களில் மின் ஏலமாக விற்கப்படுகின்றன. அங்கே தளத்தின் நிபந்தனைகளே முன்னே நிற்கும். ‘இருக்கிற இடத்தில், இருக்கிறபடியே’ என்ற வாசகத்தை ஒப்புக்கொண்டபின், எடை குறைந்தது, துரு அதிகம் என்று முறையிடுவது கடினம். ஆகையால் சரக்கைப் பார்வையிட அனுமதிக்கும் நாளில் நேரில் போகாதவர்கள் அந்த லாட்டைக் கேட்காமலிருப்பதே நல்லது. ‘ஜெபித்தேன், மனதில் சமாதானம் இருந்தது’ என்பது, நேரில் போய் மோட்டாரைத் திறந்து பார்ப்பதற்கு மாற்றல்ல என்று ஒரு மூத்த வியாபாரி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரும் ஜெபிக்கிறவர்தான்.

சரக்கு கிடங்குக்கு வந்துவிட்ட பிறகு, எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறந்துவிட வேண்டும். சொல்வது எளிது, செய்வது கடினம் என்று அறிவேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்று விற்றால் என்ன கிடைக்கும்? 80,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கு வாடகை 3,000, வட்டி 3,000 என மாதம் 6,000 போகிறது. மூன்று மாதம் காத்திருந்தால் 98,000 கிடைத்தாலொழிய இன்று விற்றதற்குச் சமமாகாது. உலோக விலை நமக்காகக் காத்திருப்பதில்லை. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் உலகச் சந்தையில் டன்னுக்கு 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு, அதே ஆண்டு டிசம்பரில் 3,000 டாலருக்கும் கீழே போயிற்று. ‘ஏறும், ஏறும்’ என்று வைத்திருந்தவர்களின் கதி என்னவாயிற்று என்று விளக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் திருவனந்தபுரத்தில் மும்மடங்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோதோ, விலை இருந்தும் வாங்க ஆளில்லை. தரம் பிரித்து, செம்பு, பித்தளை, அலுமினியம் போன்ற விலையுள்ளவற்றை முதலில் தள்ளிவிட்டு, மிஞ்சியதை வந்த விலைக்குக் கொடுத்துக் கிடங்கைக் காலி செய்கிறவர்கள் அடுத்த மாதமும் தொழிலில் இருக்கிறார்கள்.

வந்த நஷ்டத்தைக் கணக்கிலும் எழுத வேண்டும். தொழிலில் வந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோடு கழிக்க முடியாது. ஆனால் உரிய தேதிக்குள் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தால், பின்வரும் எட்டு ஆண்டுகள்வரை தொழில் இலாபத்தோடு ஈடுசெய்துகொள்ளலாம். ரசீதுகளை எறிந்துவிட்டவர்களுக்கும் தேதி தப்பியவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை.

இவையெல்லாம் கணக்கு. வீட்டுக்குள் நடப்பதோ வேறு. முதல் நஷ்டம் மனைவிக்குத் தெரிவதில்லை. அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு பெரிய லாட் எடுக்கப்படுகிறது. அதற்குச் சிட்டிப் பணமோ, சபையில் ஒரு சகோதரரிடம் வாங்கிய கைமாற்றோ போகிறது. கடைசியில் நகை அடகுக்குப் போகிறது. தவணை தவறினால் அந்த நகையும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் விட்ட பணத்தைத் தேடிப் போனவர் வீட்டுத் தாலியே வேறொரு ஏலத்தில் போவதை இந்நகரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். (அப்படி நேர்ந்தால் ஒன்றை அறிந்திருங்கள்: ஏலத்துக்குமுன் அறிவிப்புப் பெற உங்களுக்கு உரிமையுண்டு, கடனும் வட்டியும் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.) முதல் லாட்டிலேயே 28,000 போயிற்று என்று வீட்டில் சொல்லியிருந்தால், அந்த இரவு கசப்பாயிருந்திருக்கும், மற்றவை நடந்திரா. சபையார் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுப்பதும் அன்பின் காரியமே. ஆனால் கடன் எதற்கென்று கேட்பது அவிசுவாசமல்ல. ஏல நஷ்டத்தை ஏலத்திலேயே மீட்க என்று பதில் வந்தால், பணத்துக்குப் பதிலாக அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கொடுப்பது மேல் என்பது என் கருத்து.

அமெரிக்க அறை ஏலங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏலத்துக்கு வந்த ஒவ்வொரு அறைக்குப் பின்னாலும் வேலை இழந்த ஒருவர், வியாதிப்பட்ட ஒருவர், அல்லது மரித்துப்போன ஒருவர் இருக்கக்கூடும். அறையில் கிடைக்கும் குடும்பப் புகைப்படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், கடிதங்கள் முதலியவற்றை எடுத்தவர் தனியாக ஒரு பெட்டியிலிட்டு, உரியவரிடம் சேர்ப்பிக்கும்படி அலுவலகத்தில் ஒப்படைக்கிறார். நம் ஊரிலும் பழைய பீரோக்களிலும் பெட்டிகளிலும் பள்ளிச் சான்றிதழ்களும், நிலப் பத்திரங்களும், வளைகுடாவிலிருந்து எழுதிய கடிதங்களும் வருகின்றன. காகித எடைக்குப் போடுமுன் முகவரியைப் பார்த்து ஒரு அஞ்சலட்டை போடும் ஆக்ரிக் கடைக்காரர்கள் உண்டு. அது அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை.